சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

ஏழு பத்துக்கு முதல் வாய் இட்லியை வைத்தார்கள் என்று ஆசிரமத்தில் சமைக்கிற சௌந்தரம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அப்படியென்றால் ஒன்பது பத்து. முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம், கை கழுவினதிலிருந்து அல்ல. பதினோரு வருஷமாகத் தென்காசியில் லேபுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சர்க்கரைக்கு ரத்தம் இரண்டு தடவை எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வெறும் வயிற்று ரத்தம் எடுத்தாயிற்று, அது ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி என் மடியில் இருக்கிறது, நான் ஆசிரமத்துச் சமையல்கட்டுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், சாரல் அடித்துக்கொண்டிருக்கிறது, கீழே ஓடை இரைகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஊசி கைக்குள் இருக்கும்போது யாரும் எழுந்து போய்விட முடியாது, அந்த அரை நிமிஷத்திலாவது கேட்டிருக்கலாம். "கையை மடக்கிக்கோங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். எல்லாரிடமும் சொல்வது. நாற்பத்தெட்டு வருஷம் கழித்து என்னைப் பெற்றவளிடம் நான் பேசினது இந்த லட்சணம்தான்.

பெற்றவள். அவள் என்றால் நாக்கு கூசுகிறது, அவர்கள் என்றால் யாரோ மாதிரி இருக்கிறது. ஊரே அவர்களை ஓடைக்கரை அம்மா என்கிறது. வியாழக்கிழமை ஆனால் வேன் வேனாக ஆள் வருகிறது. இங்கே ரத்தம் எடுக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முருகேஸ்வரிதான் வருவாள், அவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள், "நீங்களே போயிட்டு வந்துருங்க மங்கை" என்று லேப் முதலாளி சொன்னார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். முதுகுவலி என்றோ, ஆட்டோவில் அவ்வளவு தூரம் ஆகாது என்றோ. சொல்லவில்லை. சீட்டில் பெயர் என்ற இடத்தில் அம்மா என்றும், வயது எழுபத்துநான்கு என்றும் எழுதியிருந்தது. எழுபத்துநான்கு சரிதான், என்னைவிட இருபது கூட. சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அது சரி என்றே நினைத்துக்கொண்டு கிடந்தேன். காலையில் உள்ளே போனால் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், முடி ஒட்ட வெட்டி, காவியும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் கஞ்சியில் முக்கின மாதிரி ஒரு சேலை. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. "உங்க பேரு என்னம்மா?" என்றார்கள். பச்சைப்பிள்ளையைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார்களாம். நான் "லேப்ல இருந்து வர்றேன்" என்றேன். பேரு கேட்டால் ஊரைச் சொல்கிற மாதிரி. அப்புறம் ரப்பர் பட்டையைக் கட்டி முழங்கை மடிப்பில் விரலால் நரம்பு தேடினேன். ஒல்லிக் கை, தோல் தனியே நகர்கிறது, உள்ளே நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இந்தக் கை. இந்தக் கையை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், உடனே தெரியாது என்றும் நினைத்தேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த கையில் இரண்டு கண்ணாடி வளையலும் மஞ்சளும் இருக்கும்.

வாசலில் ஒரு சின்ன புத்தகம் கொடுக்கிறார்கள், அம்மாவின் வாழ்வும் வாக்கும், முப்பத்திரண்டு பக்கம். எனக்குப் புதிது இல்லை. முப்பது வயதில் பல் பிடுங்கப் போன இடத்தில் மேஜை மேல் கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன், இன்றைக்கும் என் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. கோவில்பட்டியில் நல்ல சைவக் குடும்பத்தில் பிறந்தது, பதினெட்டு வயதில் கல்யாணம், இருபத்தாறில் எல்லாவற்றையும் துறந்து கிளம்பினது, எங்கோ ஒரு மடத்தின் அடுப்படியில் ஏழு வருஷம் மாவாட்டினது, அப்புறம் இந்த ஓடைக்கரையில் இடிந்த மண்டபத்தில் பன்னிரண்டு வருஷம் ஒரு வேளைக் கஞ்சியோடு தனியே இருந்தது, ஒரு ஐப்பசி வெள்ளத்தில் கரையோரத்துச் சனங்களை மண்டபத்துக்குள் சேர்த்துக்கொண்டு நான்கு நாள் காப்பாற்றினது. அந்தச் சனங்கள்தான் முதலில் அம்மா என்று கூப்பிட்டார்களாம். வாக்கு என்று இருபத்திரண்டாம் பக்கத்திலிருந்து வருகிறது. "யார் காலிலும் விழாதே, விழுந்தவரைத் தூக்க இன்னொருத்தர் குனிய வேண்டியிருக்கிறது." அதனால்தான் காலைச் சேலைக்குள் மடக்கி வைத்தே உட்காருகிறார்கள். "அழுகிறவருக்குப் பதில் சொல்லாதே. பக்கத்தில் இரு." இதை வாசித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும். ஊரில் அழுகிற எல்லார் பக்கத்திலும் இருந்தீர்கள், சரி. ஆனாலும் அந்த வரியை நான் மறக்கவில்லை. லேபில் புற்றுநோய் என்று ரிசல்ட் வந்து ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து அழுதபோது நான் வாயைத் திறக்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், முக்கால் மணி நேரம், முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முறைத்தார். யார் சொல்லி உட்கார்ந்தேன். இருபத்தேழாம் பக்கத்தில் ஒன்று. "கடவுளைத் தேடிப் போனேன் என்று சொல்லாதே. இருக்க முடியவில்லை, கிளம்பினேன் என்று சொல்." இது எனக்கு விளங்கவே இல்லை. இருக்க முடியாதபடி எங்கள் வீட்டில் என்ன இருந்தது. அப்பா ஒரு நாள் குரலை உயர்த்தியதில்லை, தாலுகா ஆபீசிலிருந்து சாயங்காலம் பூ வாங்கிக்கொண்டு வருவார். எனக்குத் தெரிந்து அங்கே தப்பாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்துவிட்டேன். எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் வருகிறேன். "ஒரு நாள் காலை ஒரு குழந்தை அம்மாவைப் பார்த்து 'போ' என்றது. இறைவனே குழந்தை வடிவில் வந்து விடை கொடுத்தான் என்று உணர்ந்த அம்மா, அதையே குருவாக்காகக் கொண்டு அன்றே புறப்பட்டார்." ஒரு குழந்தை. எந்தக் குழந்தை, யார் வீட்டுக் குழந்தை, ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். ஒண்ணாம் வகுப்பு, செவ்வாய்க்கிழமை, எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், அப்போது அவள் அவள்தான், இழுத்து இழுத்துப் பின்னுவாள், நெற்றித் தோல் மேலே ஏறிவிடும், ஸ்கூல் மணி அடித்துவிடும் என்று நான் அலறினேன், வலிக்கு, வலிக்கு, நீ எனக்கு வேண்டாம், போ. அவள் பின்னுவதை நிறுத்தினாள். எவ்வளவு நேரம் நிறுத்தினாள்? ஒரு மூச்சா, இரண்டு மூச்சா. அப்புறம் மெதுவாகப் பின்னினாள், அவ்வளவு மெதுவாக அவள் பின்னினதே இல்லை, ரிப்பனைக் கட்டி என் தோளைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். மத்தியானம் நான் வந்தபோது வாசலில் பூட்டு. சாவி எதிர்வீட்டில். வட்டிலில் எனக்குப் பிசைந்து வைத்து மூடின தயிர்ச்சோறு. நான் முழுக்கச் சாப்பிட்டேன், அதுதான் எனக்கு ஆறவில்லை, அவள் போய்விட்டாள் என்று தெரியாமல் விரலைக்கூட நக்கிச் சாப்பிட்டேன். அப்பா வந்தார், தேடினார், வாரக்கணக்கில் தேடினார், போலீசுக்கும் போனார். என்னிடம் "அம்மா ஏதாவது சொன்னாளா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, உண்மைதான். சொன்னது நான். அதை அப்பாவிடம் சொல்லவில்லை, என்னை வளர்க்க வந்த அத்தையிடம் சொல்லவில்லை, கட்டிக்கொண்டவரிடம் சொல்லவில்லை. இருபத்துநான்கு வருஷம் நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டேனோ என்று ஒரு மூலையில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. பல் ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்தைப் புரட்டினதோடு அதுவும் போயிற்று. அச்சிலேயே வந்துவிட்டதே. ஊர் கூடிக் கும்பிடுகிறதே அந்தப் 'போ'வை.

குரங்கு ஒன்று வந்து ஐஸ் பெட்டியையே பார்க்கிறது. போ என்று சொல்ல வாய் எடுத்து, கையை மட்டும் ஓங்கினேன். அந்தச் சொல்லை நான் சொல்வதே இல்லை. வா, அந்தப் பக்கம் நில்லு, தள்ளு, நகரு, எது வேண்டுமானாலும் சொல்வேன். என் மகள் அபிராமி நாலு வயதில், குளிக்கமாட்டேன் என்று அழுதுகொண்டே "நீ போ" என்றாள், நான் குளியலறை ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், பிள்ளை பயந்துபோய் என் மடியில் ஏறிக்கொண்டது, போகாதே போகாதே என்று. அவளுக்கு நான் இறுக்கித் தலை பின்னினதே கிடையாது. பத்து மணிக்கெல்லாம் அவிழ்ந்துவிடும், டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார். மணி எட்டேகால். சாரல் நின்றுவிட்டு மறுபடியும் வருகிறது. சன்னல் வழியே உள்ளே தெரிகிறது, யாரோ ஒரு ஆள் வந்து அழுகிறார், தோள் குலுங்குகிறது, அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு தடவை கையால் ஈயை விரட்டினார்கள், அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஐம்பத்துநாலு வயதில், தலை பாதி நரைத்து, ஒரு ஆள் அழுகிறதைப் பார்த்துப் பொறாமை. முப்பத்தொரு வயதில் ஒரு தடவை வந்தேன், வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எல்லாரும் அம்மா என்கிறார்கள், நானும் அம்மா என்றால் அதில் கலந்து காணாமல் போகும். எனக்கென்று இருந்த ஒரே சொல்லை ஊருக்குக் கொடுத்துவிட்டார்களே என்று பஸ்ஸில் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கு அந்தக் கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், காணோம். காலையில் அந்தக் கை என் உள்ளங்கையில் கிடந்தபோது எனக்கு வந்ததெல்லாம், நகம் வெளுத்திருக்கிறதே, ரத்தம் கம்மியாக இருக்குமோ, கிட்னி எப்படி இருக்கிறதோ, கால் வீங்குகிறதா, சேலைக்குள் மடக்கி வைத்திருந்தால் யார் பார்ப்பது என்பதுதான். இன்னும் எத்தனை வருஷம். மூன்று வருஷமா, ஐந்தா. முருகேஸ்வரி ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவாள். அப்படியானால் எனக்கு இன்றைக்கு ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? ஆமாம், நீ சொன்னாய், நான் போனேன், நல்லதுதான் நடந்தது, எத்தனை பேருக்கு ஆறுதல் பார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால்? அதை வைத்துக்கொண்டு நான் எந்த பஸ்ஸில் ஏறுவேன். கேட்காமலே போய்விடலாம். ஒன்பது ஐந்து. ஒன்பது எட்டு. எழுந்துவிட்டேன், முட்டி பிடித்துக்கொண்டது.

சௌந்தரம் பந்தி பரிமாறப் போயிருந்தாள். அறையில் அவர்கள் மட்டும். இந்தத் தடவை இடது கையை நீட்டினார்கள். பட்டையைக் கட்டினேன், பஞ்சால் துடைத்தேன், ஊசியைக் குத்தினேன், ரத்தம் குழாயில் ஏறத் தொடங்கிவிட்டது, நான் ரத்தத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "புஸ்தகத்துல ஒரு குழந்தை போன்னு சொன்னதா இருக்கே." குரல் எனக்கே கேட்கவில்லை. "அது சொன்னதுனாலதான் போனீங்களா?" குழாய் நிறைந்தது, பட்டையை அவிழ்த்தேன், ஊசியை எடுத்தேன், பஞ்சை வைத்து அழுத்தினேன். வழக்கமாக அவர்களையே அழுத்திக்கொள்ளச் சொல்வோம். நான் விடவில்லை. "வலிச்சிருச்சா?" என்று கேட்டேன், முகத்தைப் பார்க்க முடியாமல்.

"வலிக்கலைட்டி," என்றார்கள்.

ட்டி. எங்கள் பக்கத்தில் வீட்டுப் பிள்ளையைத்தான் அப்படிக் கூப்பிடுவது. பச்சைப்பிள்ளைக்கும் வாங்க போங்க சொல்கிற வாய். நான் நிமிர்ந்தேன். புரை விழுந்த கண் இரண்டும் என் மேல் இருந்தன, என் முகத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலைந்தன.

"காலையில நரம்பு தேடும்போதே நெனைச்சேன். உங்க அப்பாவுக்கு இப்படித்தான் நீள நீளமா விரல் இருக்கும். கேக்கப் பயமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "இருக்காங்களா?"

"இல்ல. பத்து வருஷமாச்சு. சித்திரையில."

தலையை ஆட்டினார்கள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு வார்த்தை வார்த்தையாக, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். "அந்தப் பக்கத்துல இருக்கிறது பொய். அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கிளம்பினேன். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு. ஒரு தடவை ரயிலடி, வண்டி வந்து நின்னுருச்சு. நீ ஸ்கூல் விட்டு வந்து நிப்பியேன்னு திரும்பி ஓடி வந்தேன். ஒரு வருஷம் என்னை அந்த வீட்டுல பிடிச்சு வச்சது நீதான். பிடிச்சு வச்ச பிள்ளைய அனுப்பி வச்ச பிள்ளையா எழுதிட்டாங்க."

"அப்ப நான் சொன்னது?"

"தலை பின்னினா எந்தப் பிள்ளைதான் சொல்லாது? எனக்கு உள்ளுக்குள்ள எதுவோ இழுத்துக்கிட்டே கிடந்துச்சு, உங்க அப்பா மேல ஒரு குத்தமும் கிடையாது. போறதுன்னு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். காலையில நீ அழுததும் அன்னைக்கும் போகாம இருந்துரலாமான்னுதான் கை நின்னுச்சு. அப்புறம் போயிட்டேன். போனது நான். பின்னால ஒரு நாள் இந்த மண்டபத்துல, பிள்ளை கடைசியாப் பேசினது இதுதான்னு ஒருத்தங்ககிட்ட சொல்லி அழுதேன். அவங்க அதைக் குருவாக்குன்னு எழுதினாங்க. வாசிச்சுக் காட்டினாங்க. திருத்தியிருக்கணும். அப்படி இருந்தா நல்லா இருக்குமேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்." உதடு கோணியது. "நீ வாசிப்பேன்னு நெனைக்கலை."

பஞ்சை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது. மறுபடியும் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டேன். நான் அழுதேனா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கையுறை நனைந்திருந்தது. அவர்களுடைய வலது கை என் தலைக்கு வந்தது, ஆசீர்வாதம் மாதிரி இல்லை, நரை முடியை ஒரு பக்கமாக ஒதுக்கி விட்டது. அப்புறம் சௌந்தரம் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள், அடுத்த வரிசை காத்திருக்கிறது என்றாள், நான் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ரிசல்ட் எப்போ வரும் என்று சௌந்தரம் கேட்டாள். மத்தியானம் போன் பண்ணுகிறேன் என்றேன். ஆட்டோவில் தென்காசி வரைக்கும் எனக்கு ஒரு நினைப்பும் ஓடவில்லை. வாழ்நாளில் அப்படி இருந்ததில்லை. வழியில் ஒரு ரைஸ் மில், ஒரு சர்ச், மழையில் நனைந்துகொண்டு ஒரு எருமை. பார்த்தேன், பார்த்துக்கொண்டே வந்தேன்.

பதினொன்றரைக்கு மெஷினில் ஓட்டினேன். வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தாறு, சரி போகட்டும். சாப்பிட்ட பிறகு இருநூற்று எண்பத்தொன்று. எனக்குச் சுள்ளென்று ஏறியது. உடனே ஆசிரமத்துக்குப் போன் போட்டேன்.

"இருநூத்தி எண்பத்தொண்ணு! காலையில என்னத்தைச் சாப்பிடக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் ஜாஸ்தி இல்ல மேடம்," என்றாள் சௌந்தரம். "அஞ்சு இட்லி. அப்புறம் திருநெல்வேலியில இருந்து வந்தவங்க குடுத்த அல்வாவில ஒரே ஒரு துண்டு. குடுக்கிறவங்க மனசு நோகக் கூடாதும்பாங்க அம்மா."

"அல்வாவா? எழுபத்துநாலு வயசுல? கண்ணு போயிட்டிருக்கு, கிட்னி போனா யாரு பார்க்கிறது? நீங்க சமைக்கிறவங்களா இல்ல வேற என்ன? இனிமே யார் எதைக் குடுத்தாலும் அவங்க கைக்குப் போகக் கூடாது, சொல்லிட்டேன்!"

"அம்மா வேற இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்காங்க மேடம். பேனா வாங்கி வச்சுக்கிட்டு, புஸ்தகக் கட்டைப் பிரிச்சுப் போட்டு, என்னைப் பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துத் தரச் சொல்லி ஒவ்வொண்ணா அடிச்சிட்டு இருக்காங்க. கண்ணும் தெரியாம, கோடு எங்கெங்கேயோ போகுது. யாரு சொல்லியும் கேக்கலை." அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "இதுக்கு நடுவுல நீங்க வேற. லேப்காரங்க ரிசல்ட் சொல்லுங்க, திட்டுறதுக்கு நீங்க யாரு?"

"நான் அவங்க மக," என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கரண்டி எதன் மேலோ வைக்கப்பட்டது கேட்டது. லேபில் வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் முதலாளியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப," என்றாள் சௌந்தரம் கடைசியில், மெதுவாக, "நாளையில இருந்து மூணு இட்லி வைக்கட்டாம்மா?"

"ரெண்டு."

"சரி, ரெண்டு," என்றாள்.